நித்யாவின் மறுப்புக் கடிதத்தை நான் ஏன் திருத்தவில்லை

கண்ணா,

நீ கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதற்கு நான் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்புவதைப் பார்த்து உனக்கு எரிச்சல்தான் வரும். வரட்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை, உனக்கு ஆபீஸ் கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறம் குடியிருக்க செம்பூரில் நீ எடுத்திருக்கும் வீட்டில் கர்ட்டன் மாட்ட ஆள் வருகிறான் என்றாய். அவன் போன பிறகு உட்கார்ந்து படி. தமிழில் இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்காதே. எழுத்துக் கூட்டித்தான் உனக்குப் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கோடை விடுமுறையில் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்து விட்டவன் நான்தான். நீ மெதுவாகப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தமிழ். இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலீஷில் எழுதினால் நான் சாமர்த்தியமாக எழுதிவிடுவேன். பம்பாய் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரிகளுக்கு லெட்டர் டிராஃப்ட் செய்த கை இது. தப்பு நடந்திருக்கும், யார் செய்தார்கள் என்று மட்டும் கடிதத்தில் தெரியாது. அப்படி எழுதத்தான் எனக்குச் சம்பளம். தமிழில் அந்த வித்தை எனக்குக் கைவரவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

காலையில் உன் மெசேஜ் வந்தபோது கிங்ஸ் சர்க்கிளில் காப்பிப்பொடி அரைத்து வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். "அப்பா, நித்யாவோட மெயில் டிராஃப்ட் அனுப்பியிருக்கேன். நாளைக்குக் காலம்பற பதினோரு மணிக்குள்ள அவ ஆபீஸுக்கு அனுப்பணும். ஒரு எடத்துல ‘கிவன் இன்’னு போட்டிருக்கா, கொஞ்சம் அஜீபா, ஒரு மாதிரியா இருக்கு. டீசன்டா வேற ஒரு வெர்ப் போட்டுக் குடுங்கோ. பாக்கி எல்லாம் ஓகே." நடைபாதையிலேயே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பது வயசில், கல்யாணத்துக்கு இரண்டு மாசம் இருக்கும்போதும், ஒரு வார்த்தைக்கு அப்பாவிடம் வருகிறானே என்று. எதிரில் வந்தவரிடம்கூட, பிள்ளை ஒரு டிராஃப்ட் அனுப்பியிருக்கிறான், போய் உட்காரணும் என்று பெருமை அடித்துக்கொண்டேன். நம் பில்டிங்கில் லீவ் லெட்டரிலிருந்து முனிசிபாலிட்டி புகார் வரைக்கும் எந்த இங்கிலீஷ் கடிதமும் என் சிவப்புப் பேனாவைத் தாண்டாமல் போனதில்லை அல்லவா, அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து டிராஃப்டைப் படித்தேன். மொத்தம் ஏழு வரி. ஐந்து வருஷமாக பேலாப்பூர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாலங்களை டிசைன் செய்கிற பெண் அவள். வரைந்த பாலம் ஒன்றைக்கூட எழும்பும்போது கிட்டே நின்று பார்த்ததில்லை என்று உங்கள் நிச்சயதார்த்தத்தன்று என்னிடமே சொன்னாள். இப்போது கவுஹாத்திக்கு அந்தப் பக்கம் பிரம்மபுத்திராவின் மேல் கட்டுகிற பாலத்துக்கு, இரண்டு வருஷம் சைட்டில் இருக்கும்படி அவளைக் கேட்டிருக்கிறார்கள். முதல் பாராவில் அதற்கு நன்றி சொல்கிறாள். இரண்டாவது பாராவில் அந்த வரி வருகிறது. வீட்டில் பேசியதில் நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், ஆகவே இந்தப் பொறுப்பை ஏற்க இயலவில்லை. ‘ஐ ஹேவ் கிவன் இன்’. நீ சொன்னது சரிதான், ஆபீஸ் கடிதத்தில் அது உறுத்துகிறது. அந்த வரியைப் படிக்கிறவன் யாரிடம் விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு நிமிஷம் யோசிப்பான்.

மேஜையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தேன். வார்த்தைகள் தானாக வந்தன. யீல்ட் போடலாமா என்று பார்த்தேன். அது வழிவிடுவது. எதிரே லாரி வந்தால் சைக்கிள்காரன் யீல்ட் பண்ணித்தான் ஆக வேண்டும், அதில் அவன் இஷ்டம் என்ன இருக்கிறது. சரண்டர் கூடாது, மிச்சம் இருக்கிற லீவை சரண்டர் செய்வோம், ஆசைப்பட்ட வேலையை யாராவது செய்வார்களா. கன்சீட் என்பது வாதத்தில் தோற்றதை ஒப்புக்கொள்வது. இங்கே வாதமே நடக்கவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். ரிலென்ட் நாகரிகமான வார்த்தை, கிட்டத்தட்ட அதை எழுதியே விட்டேன். ஆனால் ரிலென்ட் ஆவது யார்? பிடித்த பிடியில் இறுக்கமாக நின்றவன் மனம் இளகினால்தான் அந்த வார்த்தை பொருந்தும். விடாமல் அடித்த மழை ரிலென்ட் ஆகலாம். பரீட்சைக்கு உட்கார விடமாட்டேன் என்ற பிரின்சிபால் ரிலென்ட் ஆகலாம். இந்த விஷயத்தில் இறுக்கமாக நின்றது நித்யா இல்லை. மிச்சம் இருந்தது சக்கம்ப். அது ஞாபகத்துக்கு வந்ததும் எனக்கு எழுத வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து உன் அம்மா காப்பியோடு வந்தாள். "என்னன்னா, மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். போனை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மறுபடி மேலே தள்ளி இன்னொரு தடவை படித்தாள். போனை மேஜையில் வைத்துவிட்டு, "கமா எல்லாம் சரியா இருக்கான்னு நன்னாப் பாத்துக் குடுங்கோ" என்று சொல்லி உள்ளே போனாள். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. நான் காப்பியைத் தொடவில்லை. எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. இருபத்தொரு வருஷமாக அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயசு. அம்மா ஃபோர்ட்டில் பேங்க்கில் கிளார்க். ஆபீசர் ப்ரமோஷனுக்கு ஒரு தடவை பரீட்சை எழுதித் தவறிவிட்டது, இரண்டாவது தடவை பாஸ் செய்தாள். எப்படிப் படித்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. ட்ரெயினில் நின்றுகொண்டு படிப்பாள், குக்கர் சத்தம் வரும்வரைக்கும் அடுப்படியில் நின்று படிப்பாள், உனக்குத் தலை வாரிவிடும்போது உன்னையே புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படிப்பாள். போஸ்டிங் நாக்பூரில் வந்தது. குறைந்தது இரண்டு வருஷம், அப்புறம் பம்பாய்க்கே திரும்பக் கேட்கலாம். ஆர்டரைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிய அன்று அவள் முகம் இருந்த இருப்பு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஆர்டரைப் படித்தேன். "நல்ல டிராஃப்டிங்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இதைக் கவனமாகப் படி, ஏனென்றால் இதுவரை யாரிடமும் நான் இதை ஒப்புக்கொண்டதில்லை. நான் போகக்கூடாது என்று சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை, ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஒன்பது நாள் ஆத்தில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை, அதுதான் நான் செய்தது. ஆபீசிலிருந்து நேரே கிங்ஸ் சர்க்கிள் மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, "பசிக்கலை" என்பேன். உன் அம்மா இலை போட்டது போட்டபடி இருக்கும். நீயும் அவளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல் ஒரே செய்தியைப் படித்துக்கொண்டிருப்பேன். பத்தாவது நாள் அவளே வந்து, "வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்னா. நாளைலேர்ந்து ஆத்துல சாப்பிடுங்கோ" என்றாள். எனக்கு வெற்றி பெற்ற மாதிரிகூட இல்லை, பார். நியாயம் நடந்த மாதிரி இருந்தது. அவளாகவே முடிவெடுத்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று எல்லோரிடமும் சொன்னேன். பேங்க்கில் வேலை பார்த்த நம் பெண்டுகள் எத்தனையோ பேர் அப்படி ப்ரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்தான், அதனால் யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை.

கடிதத்தை முதலில் அவளேதான் எழுதினாள். மூன்றே வரி. என் கணவருக்கு இதில் விருப்பம் இல்லை, அதனால் ஏற்க முடியவில்லை என்று அதில் இருந்தது. நான் அதைச் சிவப்பில் அடித்தேன். "இதெல்லாம் ஆபீஸ் லெட்டர்ல எழுதறதா?" என்றேன். "நிஜம் அதுதானே?" என்றாள். "நிஜமா இருந்தா அப்படியே எழுதிடறதா? டிராஃப்டிங்னு ஒண்ணு இருக்கோல்லியோ" என்று சொல்லி, தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று பொருள் வருகிறாற்போல அழகான இங்கிலீஷில் மாற்றினேன். ஒரு கமாவைக்கூட இடம் மாற்றி வைத்தேன். அவள் அதைத் தன் கையால் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கடிதத்தில் நான் எங்கேயும் இல்லை. சூழ்நிலை இருந்தது, குடும்பம் இருந்தது, ஒன்பது நாள் மெஸ்ஸில் சாப்பிட்ட மனுஷன் காணாமல் போயிருந்தான். மேனேஜர் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல இங்கிலீஷ் யார் எழுதினார்கள் என்று கேட்டாராம். அவள் என் பெயரைச் சொன்னாளாம். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே நடந்தது இந்த சக்கம்ப் விஷயம். தினமும் காலையில் பேப்பரிலிருந்து ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பேன், ஸ்கூலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதை வைத்து ஐந்து வாக்கியம் நீ எழுத வேண்டும், ஷூ லேஸ் கட்டுவதற்குள் நான் திருத்திக் கொடுப்பேன். அன்றைக்கு வார்த்தை சக்கம்ப். விபத்தில் அடிபட்ட ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தியில் வந்தது. காயத்துக்கு, ஜுரத்துக்கு, ஆசைக்கு, நெருக்கடிக்கு அடங்கிப்போவது என்று விளக்கம் சொன்னேன். நீ எழுதிய முதல் வாக்கியம், அம்மா அப்பாவுக்கு சக்கம்ப் ஆனாள் என்பது. நான் படித்தேன். இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், அல்லது அப்படித்தான் என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். குறுக்கே ஒரு கோடு இழுத்து, "மனுஷாளுக்கெல்லாம் சக்கம்ப் ஆக முடியாதுடா" என்றேன். மேலே, அம்மா ஜுரத்துக்கு சக்கம்ப் ஆனாள் என்று எழுதிக் காட்டினேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்போ அம்மா எதுக்கு சக்கம்ப் ஆனா?" என்று கேட்டாய். "வாயை மூடிண்டு மிச்ச நாலையும் எழுது" என்றேன்.

உன் அம்மா சாயங்காலம் அந்த நோட்டைப் பார்த்தாள். என் திருத்தத்தின்படி அவள் ஜுரம் வந்து செத்துப்போயிருந்தாள். "பரவாயில்லை, என்னைக் கொன்னுட்டு வாக்கியத்தைச் சரி பண்ணியிருக்கேள்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வெகு நாள் கழித்துத்தான் அகராதியை எடுத்துப் பார்த்தேன். மனிதர்களுக்கும் சக்கம்ப் ஆகலாம், தாராளமாக. நீ எழுதியது இலக்கணப்படியும் சரி, நடந்ததன்படியும் சரி. அந்த நோட்டு எப்போதோ பழைய பேப்பர்காரனுக்குப் போய்விட்டது. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அப்பாவுக்கு இங்கிலீஷில் தப்பு வரும் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான், வேறென்ன.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் மெசேஜ் வந்துவிட்டது. "அப்பா, ஹோ கயா?" ஆயிற்றா என்று கேட்டு, அதற்குப் பிறகு இரண்டு கேள்விக்குறி. நான் படித்துவிட்டேன் என்று உனக்கு நீல டிக் தெரியும், பதில் வராததில் பதற்றமாக இருக்கும். இருக்கட்டும். புதன்கிழமை நீ சாப்பிட வந்தபோது சொன்னதை நான் மறக்கவில்லை. "நான் ஒண்ணுமே சொல்லலைப்பா. சண்டையெல்லாம் போடலை. நாலு நாள் அவ போனை எடுக்கலை, அவ்வளவுதான். அப்புறம் அவளே ஒத்துண்டா" என்றாய், மோர் ஊற்றிக்கொண்டே. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை, இன்றைக்குத்தான் தூக்கிவாரிப்போடுகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே முடிவெடுத்தாள் என்று என் வாயிலிருந்து வந்த அதே பேச்சு. இதை உனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரில் இலை போட்டு உட்கார்ந்து, ஒன்பது நாள் பார்த்தே கற்றுக்கொண்டாய். நான் குடித்துவிட்டு வந்து அடித்திருந்தால் நீ என்னை வெறுத்து, வேறு மாதிரி ஆகியிருப்பாய். நான் கௌரவமாக, சத்தமில்லாமல் செய்ததால் அது உனக்குக் கெட்ட காரியமாகவே தெரியாமல் போய்விட்டது.

என் பங்கு பழசோடு முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவுஹாத்தி விஷயத்தை நீ முதலில் போனில் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "அவ்வளவு தூரமா? கல்யாணம் ஆன உடனேயா?" என்றேன். அதற்கு அப்புறம் அந்த வாரம் ரிப்பேருக்காக ட்ரெயினை நிறுத்தும் மெகா பிளாக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அந்த இரண்டு கேள்வி உனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நெருளில் நித்யாவின் அப்பா, பிள்ளையாத்தில் இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளையாத்தில் என்றால் யார்? நான்தானே. யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. ஒருத்தர் போனை எடுக்கவில்லை, ஒருத்தர் தூரமா என்று கேட்டார், ஒருத்தர் சம்பந்தி முகம் கோணக்கூடாது என்றார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். அந்த ஏழு வரியில் நிஜமான வார்த்தை அது ஒன்றுதான். அதைத்தான் எடுத்துவிட்டு டீசன்டாக ஒன்று போடச் சொல்கிறாய்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் தனித்தனியாக இருக்கவா கல்யாணம் செய்துகொள்கிறோம் என்பாய். நியாயமான கேள்வி. உன் கஷ்டத்தை நான் சின்னதாக்கவில்லை. அந்த செம்பூர் வீட்டில் நீ ஒருத்தன் கர்ட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுகமாக இருக்காது. ஆனால் அதை அவளிடம் சொன்னாயா? தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, நீ போனால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள், சண்டை வந்திருக்கும், அழுகை வந்திருக்கும், நடுவில் ஒரு வழி பிறந்திருக்கும். ப்ளேன் இருக்கிறது, லீவ் இருக்கிறது, நீ லாப்டாப்பில் செய்கிற வேலையை மாசத்தில் பத்து நாள் அங்கிருந்து செய்ய உன் ஆபீசில் விடுவார்கள் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அதில் எதையும் நீ பேசிப் பார்க்கவில்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் களைத்துப்போகும் வரைக்கும் காத்திருந்தாய். அப்படிக் களைத்துப்போனவளுக்கு ஒத்துக்கொண்டாள் என்று பெயர் வைக்காதே.

அப்படி வாங்கிய சம்மதத்தோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று கேள். நன்றாகத்தான் இருக்கும். உன் அம்மா ஒரு நாள் சுள்ளென்று பேசியதில்லை. மறுநாளே எனக்குப் பிடித்த மிளகூட்டான் செய்தாள். ஆனால் அதற்கப்புறம் பேங்க் விஷயம் எதையும் என்னிடம் சொல்வதில்லை. முன்பெல்லாம் வந்தவுடன் கவுன்ட்டரில் யார் சண்டை போட்டார், கேஷ் எப்போது டாலி ஆயிற்று என்று பேசித் தீர்ப்பாள். அது நின்றுபோனது. எப்போது நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை. மறுபடி பரீட்சையும் எழுதவில்லை. கிளார்க்காகவே ரிடையர் ஆனாள். ஃபேர்வெல் அன்றைக்கு மேனேஜராக உட்கார்ந்திருந்தவள், சேர்ந்த புதிதில் உன் அம்மாவிடம் வேலை கற்றுக்கொண்ட பெண். "இந்தச் சேரில் இவங்க உட்கார்ந்திருக்கணும்" என்று அந்தப் பெண் மராத்தியில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, உன் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாப் பக்கத்தையும் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படித்தாள். நடுவில் மூன்றாவது மெசேஜ் உன்னிடமிருந்து வந்தது, இரண்டு பேரும் பார்க்கவில்லை. படித்து முடித்துப் பக்கங்களை அடுக்கி என்னிடம் கொடுத்தாள். "அவனுக்கு ஊருப்பட்ட விஷயம் எழுதியிருக்கேள். அவளை யாராவது கேட்டேளா?" என்றாள். அவள் தன் போனை எடுத்து நித்யாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "நித்யா, மாமாவும் கேட்டுண்டிருக்கார், முன்னாலயே சொல்லிடறேன். கல்யாணம், மண்டபம், அவன் சொன்னது, உங்கப்பா சொன்னது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே ஒரு கேள்விதான். உனக்குப் போகணும்னு இருக்கா?" அந்தப் பக்கத்தில் டீவி சத்தம் கேட்டது, பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம். "இப்ப எதுக்கு ஆன்ட்டி, அது முடிஞ்சுபோச்சே" என்றாள். "முடிஞ்சுதான்னு நான் கேக்கலையே" என்றாள் உன் அம்மா. அதற்கு அந்தப் பெண் பதில் சொன்னாள். இதை அவனிடம் சொல்லலாமா என்று உன் அம்மா கேட்டதற்கு, "அவன் என்கிட்ட கேட்டா நானே சொல்லுவேன் ஆன்ட்டி" என்றாள்.

ஆகவே அவள் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். ஒருத்தர் மனதில் இருப்பதை நான் என் பாஷையில் எழுதிக் கொடுத்து உண்டான கேடு போதும். அந்த டிராஃப்டில் நான் கை வைக்கவில்லை, ஒரு கமாகூட இல்லை. நீயும் கை வைக்காதே.

போன் வைத்தாயிற்று. அப்புறம் நான் உன் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "உனக்குப் போகணும்னு இருந்ததா?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "நாக்பூர்ல ஒரு ஸ்கூல்லேர்ந்து அட்மிஷன் ஃபாரம் வரவழைச்சிருந்தேன்" என்றாள். "குழந்தையையும் அழைச்சிண்டு போலாம்னு. பேர், வயசு, எல்லாம் ஃபில் பண்ணி வெச்சிருந்தேன். அப்பா கையெழுத்துப் போடற எடம் மட்டும்தான் பாக்கி. நீங்க என்னிக்காவது ஆத்துல சாப்பிட்டா அன்னிக்குக் காட்டலாம்னு இருந்தேன்." ரிடையர் ஆகிற வரைக்கும் அது பேங்க்கில் அவள் டிராயரில் இருந்திருக்கிறது. கடைசி நாள் டிராயரைக் காலி பண்ணும்போது கிழித்துப் போட்டாளாம். ஃபேர்வெல்லுக்கு நான் கேமராவோடு உள்ளே வருவதற்குச் சற்று முன்னால். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். நான் தொடாமல் விட்ட காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்டு நச்சரிக்கவும் போவதில்லை.

கண்ணா, இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு இருபத்தொரு வருஷம் ஆயிற்று. உனக்கு நாளைக் காலை பதினோரு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. மெசேஜில் கேட்காதே, போனிலும் வேண்டாம். செம்பூரிலிருந்து அவள் இருக்கும் நெருளுக்கு நேர் ட்ரெயின். கிளம்பு.

அப்பா